கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமா?

பெண்பிள்ளை பெற்ற என் பழைய மாணவிகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

மாதவிடாய் வலியில் சுருண்டு கிடக்கும் பெண்ணிடம் "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பது நம் வீடுகளில் பழைய பேச்சு. அமெரிக்க டாக்டர்களும் இதையே சொன்னார்கள் என்று படித்தபோது அசந்துபோனேன்.

கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். 1920களில் ஆல்பனி நகரின் ஜான் சாம்ப்சன் இதை விரிவாக ஆராய்ந்தார். மாதவிடாய் ரத்தம் கருக்குழாய் வழியே பின்னோக்கிப் போவதே காரணம் என்றார். பாஸ்டன் டாக்டர் ஜோ மெக்ஸ் சொன்ன யோசனை, சீக்கிரம் கல்யாணம், சீக்கிரம் குழந்தை! நம் பாட்டி வைத்தியமேதான்.

கர்ப்ப காலத்தில் மாதவிடாய் நிற்கிறது அல்லவா? அதே நிலையை 1950களில் ராபர்ட் கிஸ்ட்னர் ஹார்மோன் மாத்திரையால் உண்டாக்கினார். இன்றைய ஹார்மோன் சிகிச்சைக்கு அது ஒரு முன்னோடி. 1970களில் வந்த டானசோல் வலியைக் குறைத்தது. ஆனால் சிலருக்கு முகத்தில் முடி வளர்ந்தது, குரல் கனத்தது. பாவம், ஒரு வலிக்கு இன்னொரு வேதனை.

2022இல்தான் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல், இந்த நோயைத் தீர்ப்பதற்கென்றே கர்ப்பம் தரிக்கச் சொல்லக்கூடாது என்று எழுதி வைத்தது. லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்கும் வரை மருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்றும் அதிலேயே இருக்கிறது.