ஆப்பும் திருகும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நாவலும் கவிதையும் பேசுகிற இந்த அரங்கில் இழைப்புளியைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டபோது ஒருங்கிணைப்பாளர் சற்று யோசித்துத்தான் சரி என்றார். அவருடைய தயக்கத்துக்கு மரியாதையாகப் புறநானூற்றிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

206ஆம் பாடலில், பரிசில் தராமல் காலம் கடத்தும் அதியமானின் வாயிற்காவலனிடம் ஒளவையார் கோபித்துக்கொள்கிறார். கலை தெரிந்தவர்களுக்கு எந்தத் திசையில் போனாலும் சோறு கிடைக்கும் என்று சொல்ல வந்தவர், அதற்கு உவமையாகத் தச்சனின் பிள்ளைகளைக் கொண்டுவருகிறார். கை தேர்ந்த அந்தப் பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போனால் அவர்களுக்கு என்ன குறை? பாட்டை நாம் பெரும்பாலும் புலவரின் தன்மானத்துக்காகப் படிக்கிறோம். என்னைப் பிடித்து நிறுத்துவது உவமையில் வரும் அந்தப் பிள்ளைகள்தான். தொழில் தெரிந்தவன் என்றால் தச்சன் மகன். அப்பனிடமிருந்து மகனுக்கு வந்த கை அது.

இன்று இந்த நேரலையைப் பார்ப்பவர்களில் சிலர் கணக்காளர்கள், சிலர் தாதியர், பலர் கணினித் துறையினர். உங்களில் யாராவது சனிக்கிழமை காலையில் வீட்டுக் கராஜில் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருக்கலாம். தச்சன் மகன் அல்லாத ஒருவர், ஆசைக்காக, தானே கற்றுக்கொண்டு மரத்தை இழைப்பது எப்போது இவ்வளவு எளிதாயிற்று? இதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். நான் ஒரு திருகைச் சொல்வேன்.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் இழைப்புளி என்போம், ஈழத்தில் சீவுளி. பழைய இழைப்புளி என்பது ஒரு கட்டை. அதில் சரிவாகக் குடைந்த ஒரு பள்ளம். பள்ளத்தில் இரும்பு அலகு. அலகை இறுக்கிப் பிடிக்க ஒரு மர ஆப்பு. அவ்வளவுதான். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயில் கிடைத்த ரோமானிய இழைப்புளிகளிலும், 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட 'மேரி ரோஸ்' போர்க்கப்பலின் தச்சர் அறையில் கிடைத்தவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

இவ்வளவு எளிய கருவியில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் அலகை நிறுத்துவதில் இருக்கிறது. வழவழப்பாக இழைக்க வேண்டுமென்றால், அலகின் முனை அடிப்பகுதிக்கு வெளியே ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தச்சர் கருவியைத் தலைகீழாக்கிக் கண்ணருகே உயர்த்தி, அடிப்பரப்பு வழியாக வெளிச்சத்தைப் பார்ப்பார். அலகின் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு, அலகு இறங்கும். கட்டையின் பின்புறத்தில் ஒரு தட்டு, அலகு ஏறும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அலகின் விளிம்பில் பக்கவாட்டாக ஒரு தட்டு. எல்லாம் சரியாக வந்ததும் ஆப்பை இறுக்க வேண்டும். இறுக்குகிற அந்த அடியிலேயே அலகு மறுபடி நகரும். எவ்வளவு நகரும் என்பது கைக்குத் தெரிந்திருந்தால் அதற்கேற்ப முன்கூட்டியே கொஞ்சம் குறைத்து வைக்கலாம். கைக்குத் தெரியாதவன் காலை முழுவதும் தட்டிக்கொண்டே இருப்பான்.

'கைக்குத் தெரியும்' என்கிறோமே, அதற்கு வேண்டியது காலம். இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் பயில்வோருக்கு ஏழாண்டுப் பயிற்சியை விதித்தது. நம் ஊரில் சட்டம் தேவைப்படவில்லை. பிறப்பே அந்த வேலையைச் செய்தது. அங்கே ஏழாண்டு என்று ஒரு வேலி, இங்கே சாதி என்று ஒரு வேலி. இதைப் பொற்காலம் என்று ஏங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேலிக்கு வெளியே நின்றவர்களில் எத்தனை நல்ல கைகள் இருந்திருக்கும்!

வேலியின் மேல் முதலில் எட்டிப் பார்த்தது அச்சு. லண்டனில் ஜோசப் மாக்சன் என்று ஒருவர். வரைபடமும் பூகோள உருண்டையும் செய்பவர், அச்சிடுபவர், இரண்டாம் சார்லஸ் மன்னரின் நீர்ப்பரப்பு வரைபட அதிகாரி. 1677இல் தொடங்கி, கொல்லர் வேலை, தச்சு, கடைசல் என்று கைத்தொழில்களைத் தொடராக எழுதி வெளியிட்டார். ஆங்கிலத்தில் மரவேலையை அச்சில் கற்றுத்தர முயன்ற முதல் நூல் அது. பட்டறைக்குள் மட்டும் புழங்கிய விஷயங்களை யாரும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கலாம் என்றாயிற்று. ஆனால் மாக்சன் நேர்மையானவர். கைத்தொழில் வார்த்தையால் வராது, பழகித்தான் வரும் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டுத்தான் எழுதத் தொடங்குகிறார். புத்தகம் வந்தும் சுத்தியலும் ஆப்பும் அப்படியே இருந்தன.

நூறாண்டு கடந்தும் அப்படியே. கென்ட் மாவட்டத்து ராச்செஸ்டரில் உள்ள கில்டுஹால் அருங்காட்சியகத்தில் ஒரு கருவிப்பெட்டி இருக்கிறது. 1796 டிசம்பரில் பெஞ்சமின் சீட்டன் என்ற இளைஞருக்காக அவருடைய தந்தை, லண்டன் கருவி வணிகர் கிறிஸ்டோபர் கேப்ரியலிடம் ஒரு முழு செட்டை வாங்கினார். இளைஞர் அடுத்த ஆண்டு அதற்கென்று அழகான பெட்டி செய்து, ஒவ்வொன்றுக்கும் இடம் வைத்து, பட்டியலும் எழுதி வைத்தார். அதன்பின் பெரும்பாலான கருவிகளை ஏறத்தாழத் தொடவே இல்லை. அதனால்தான் 18ஆம் நூற்றாண்டின் கருவிகள் புதுக்கருக்கு மாறாமல் இன்று நமக்குக் கிடைத்திருக்கின்றன. வாங்கி அடுக்கிவைத்து அழகு பார்க்கும் நோய் நம் காலத்துப் பொழுதுபோக்குத் தச்சர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது ஓர் ஆறுதல். அது போகட்டும். நான் கவனிப்பது இரண்டு விஷயங்களை. அவர் மரச்சாமான் செய்பவரின் மகன், ஒளவையார் சொன்ன அதே பிள்ளை. அவருடைய இழைப்புளிகளில் இருப்பது ஆப்பு.

மாற்றம் அமெரிக்காவில் வந்தது. 1827இல் கனெக்டிகட்டைச் சேர்ந்த ஹசார்ட் நோல்ஸ் வார்ப்பிரும்பில் இழைப்புளி உடல் செய்யக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே வில்லியம் உட்வொர்த் பலகையை இழைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாவதுதான் பெரிய அடி. மில்லிலிருந்து பலகை இழைத்தே வரத் தொடங்கியது. நாள் முழுக்க இழைத்துக் கை பழக வேண்டிய தேவையே தச்சருக்குக் குறைந்தது. கதவு இடித்தால் கொஞ்சம் சீவ வேண்டும், மூட்டு சேராவிட்டால் கொஞ்சம் சீவ வேண்டும். எப்போதாவது எடுக்கிற கருவி, எடுத்ததும் வேலை செய்ய வேண்டும்.

அந்த இடத்தில்தான் லெனார்ட் பெய்லி வருகிறார். பாஸ்டனில் பட்டறை வைத்திருந்தவர். ஆப்புக்குப் பதில், ஒரு நெம்பை மடக்கினால் அலகு இறுகிக்கொள்ளும் இரும்பு மூடியைச் செய்தார். 1867இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டில் அலகுக்குப் பின்னால் ஒரு சிறு பித்தளைச் சக்கரத்தை வைத்தார். விரல் நுனியால் சக்கரத்தை ஒரு பக்கம் உருட்டினால் அலகு இறங்கும், மறு பக்கம் உருட்டினால் ஏறும். சுத்தியல் வேண்டாம். ஏழாண்டும் வேண்டாம். அதிகமாக இறங்கிவிட்டதா, திருப்பு. கைக்குத் தெரிய வேண்டியதைத் திருகு தெரிந்துவைத்துக்கொண்டது.

1869இல் நியூ பிரிட்டனில் இருந்த ஸ்டான்லி நிறுவனம் பெய்லியின் தொழிலை வாங்கியது. சில ஆண்டுகளில் இருவருக்கும் பிணக்கு. பெய்லி விலகி 'விக்டர்' என்ற பெயரில் போட்டியாகச் செய்தார், வழக்கு நடந்தது, 1880களில் அதையும் ஸ்டான்லியே விழுங்கியது. பக்கவாட்டில் அலகைச் சரிசெய்யும் நெம்பும் அந்தப் பத்தாண்டில் சேர்ந்தது. பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யாரோடு சண்டையிட்டார்களோ அந்தப் பெய்லியின் பெயரையே இழைப்புளியின் முகப்பில் எழுத்தாக வார்த்து விற்றார்கள். பழைய இரும்பு இழைப்புளி உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் பின்னாலிருக்கும் அந்தச் சக்கரம் பெரும்பாலும் பெய்லியுடையதுதான்.

இதற்குப் பின் வந்ததை வேகமாகச் சொல்லலாம். 1901இல் இங்கிலாந்தில் 'தி வுட்வொர்க்கர்' இதழ். பள்ளிகளில் மரவேலை வகுப்பு. 1946இல் வீட்டுக்காரர்களுக்கென்றே பிளாக் அண்டு டெக்கரின் மின் துரப்பணம். மாலையில் அலுவலகத்திலிருந்து வந்து அலமாரி செய்கிற மனிதர் ஒரு சந்தையாகவே ஆனார். வேலி விழுந்துவிட்டது.

ஆனால் வேலியோடு சேர்ந்து வேறொன்றும் விழுந்தது. இந்த உரையை நான் பேச விரும்பியதே இதற்காகத்தான்.

இழைப்புளி அலகின் மேல் இன்னொரு தகடு படுத்திருக்கும். மேல் தகடு என்று சொல்வோம். 18ஆம் நூற்றாண்டில் பரவியது அது. நார் ஓட்டம் முறுக்கிக்கொண்ட மரத்தை இழைத்தவர்களுக்குத் தெரியும், அலகு நாரை வெட்டாமல் நெம்பிப் பிய்த்துக்கொண்டு போகும். பலகையில் குழி குழியாகச் சிராய் எழும்பும். மேல் தகட்டின் முனையை அலகின் முனைக்கு மிக அருகில் வைத்தால், எழும்புகிற சுருளை அது உடனே மடக்கி முன்னுக்குத் தள்ளும். அதனால் நார் முன்கூட்டியே பிளந்து ஓடாது. பீட்டர் நிக்கல்சன் 1812இல் வெளியிட்ட நூலிலேயே, இந்தத் தகடு நார் பிய்வதைத் தடுக்கத்தான், இடைவெளி மரத்தின் தன்மையைப் பொறுத்தது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

பின்னாளில் பொழுதுபோக்குத் தச்சர்களுக்கு வந்த புத்தகங்களில் பல, மேல் தகட்டின் வேலை அலகை அதிராமல் அழுத்திப் பிடிப்பது மட்டுமே என்று எழுதின. நார் பிய்கிறதா? தடித்த அலகு வாங்குங்கள், அலகுக் கோணம் அதிகமான வேறு இழைப்புளி வாங்குங்கள், வாய் குறுகிய இன்னொன்று வாங்குங்கள் என்றார்கள். ஒவ்வொன்றும் ஓரளவு பலன் தரும். ஒவ்வொன்றும் விலையும் அதிகம். கையிலிருக்கும் கருவியிலேயே மருந்து இருந்தது, அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. தெரிந்தவர்கள் பட்டறையில் பக்கத்தில் நின்ற பையனுக்குக் காட்டினார்கள். பக்கத்தில் நிற்கும் பையன் இல்லாமல் போனதும் அந்த அறிவு அங்கேயே நின்றுவிட்டது. பெய்லியின் திருகு அலகைத்தான் நகர்த்தியது. மேல் தகட்டை நிறுத்துவது இன்னும் கண்ணுக்கும் கைக்கும் உரிய வேலை.

அது திரும்பி வந்த விதம் வேடிக்கையானது. ஜப்பானின் யமகாட்டா பல்கலைக்கழகத்தில் கவாய், காட்டோ என்ற இரு பேராசிரியர்கள், இயந்திர இழைப்பு தொடர்பான ஆய்வுக்காக, அலகின் முனையில் நடப்பதை மிக நெருக்கத்தில் படம்பிடித்திருந்தார்கள். 2012 வாக்கில் அந்தப் படம் ஆங்கிலம் பேசும் மரவேலை ஆர்வலர்களின் கண்ணில் பட்டது. மேல் தகடு தள்ளி இருக்கும்போது நார் பிளந்து ஓடுவதையும், 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு நெருங்கியதும் அதே நார் அடங்கிப்போவதையும் கண்ணால் பார்த்தார்கள். பிறகுதான் பலர் நிக்கல்சனை எடுத்துப் புரட்டினார்கள். இருநூறு ஆண்டுகளாக அச்சிலேயே இருந்த விஷயம்!

ஆக, நூல் மட்டும் போதாது என்ற மாக்சனும் சரி, நூலில் எழுதிவைத்த நிக்கல்சனும் சரி. எழுதாவிட்டால் மீட்கவே வழியிருந்திருக்காது. எழுதியும், செய்துபார்க்கும் கைகள் இல்லாததால் எழுத்து ஊமையாகக் கிடந்தது. இலக்கிய வாசகர்களான உங்களுக்கு இது புதிதாக இருக்காது. சுவடியில் இருந்தும் யாரும் பாடாமல் போன பாட்டு நமக்குப் பழக்கமான துயரம்தானே.

நேரலையில் ஒருவர் கேட்டார்: "கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது ஐயா, எதை வாங்கித் தொடங்கலாம்?" புதிது வேண்டாம் என்பேன். நீங்கள் வாழும் நாட்டுப் பழைய சாமான் சந்தையில் 4ஆம் எண் பெய்லி வகை இழைப்புளி கிடைக்கும். 9 அங்குல நீளம், 2 அங்குல அலகு. வாயைச் சுற்றி இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மேல் துரு பரவாயில்லை, தேய்த்தால் போகும். அலகின் தட்டையான பக்கத்தில் முனையருகே துருப்பள்ளம் இருந்தால் தீட்டித் தீராது. அலகில் இன்னும் நீளம் மிச்சம் இருக்க வேண்டும்.

தீட்டுவதை மட்டும் எந்தத் திருகும் உங்களுக்காகச் செய்யாது. தட்டையான பக்கம் முனையருகே கண்ணாடிபோல் மின்ன வேண்டும், சரிவுப் பக்கம் சுமார் 30 பாகையில் நிற்க வேண்டும். மேல் தகட்டின் முனையையும் தட்டையாகத் தேய்த்து, அலகோடு சேரும் இடத்தில் வெளிச்சம் நுழையாதபடி பொருத்துங்கள். சாதாரண வேலைக்கு அரை மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். நார் முறுக்கிய மரமென்றால் 0.2க்கும் குறைவாக, அலகின் முனை ஒரு வெள்ளைக் கீற்றாக மட்டும் தெரியும் வரை நெருக்குங்கள். வைத்தது சரியா என்று அளவுகோலால் பார்க்க முடியாது. சுருளைப் பாருங்கள். தகடு தள்ளி இருந்தால் அது சுருண்டு சுருண்டு விழும். தகடு வேலை செய்யத் தொடங்கியதும் சுருள் நிமிர்ந்து, நாடாவைப் போல நேராக மேலே எழும்.