தாது வருஷப் பஞ்சமும் சூரியனின் அலைகளும்

1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு எங்கள் பக்கம் இரண்டு காரியங்கள் செய்தார். பெரியாறு அணையைத் திறந்து வைத்தார். கொடைக்கானலில் சூரிய ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். முதலாவது கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். வீட்டிலும் கடையிலும் அணையைக் கட்டிய பென்னிகுக் படத்துக்கு மாலை போடுகிற ஊர்கள் இவை. இரண்டாவதை உத்தமபாளையத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்த காலமெல்லாம் நான் வகுப்பில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இரண்டையும் உந்தியது 1876-78இன் தாது வருஷப் பஞ்சம். அணைத் தண்ணீர் இங்கே 14,707 ஏக்கரை இருபோகமாக்கியது. என் அப்பாவின் வயலும் அதில் அடக்கம். மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி மலைக்குப் போனது. சூரியனின் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றனவே, பருவமழைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று அறிய அரசு விரும்பியது. வானியலாளர் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார்.

மலைக்கு வண்டிச்சாலை திறந்தது 1914இல்தான். அதுவரை அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் வந்து, கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஏற வேண்டும். துரைமார் டோலியில் போனார்கள். சாமான்கள் தலைச்சுமையாகப் போயின. அந்த ஆய்வகத்தின் வரலாற்றில் பெரியகுளத்துச் சுமைகூலிகளுக்கும் ஓர் இடம் உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

1909 ஜனவரியில் அங்கே ஜான் எவர்ஷெட் ஒரு கரும்புள்ளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். கோடுகள் இடம் பெயர்ந்திருந்தன. புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்று அதிலிருந்து கண்டார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் அதை அழைக்கிறது. கோட்டின் நகர்வைக் கொண்டு அசைவை அளக்கும் அதே வழியில்தான் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் லெய்ட்டன், சூரியப் பரப்பு சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்டார். 1972இல் கரும்புள்ளியின் அதே ஓரப்பகுதியில் ஓடும் அலைகளும் தென்பட்டன.

அந்த 1960களில், வைணு பாப்பு இயக்குநராக இருந்தபோது, கொடைக்கானலில் சுரங்கத் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. 11 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் கண்ணாடிகள் வெயிலைப் பிடித்துக் கீழே அனுப்பும். 60 மீட்டர் நீளச் சுரங்கத்தின் இருட்டில் 34 செ.மீ. அகலத்துக்குச் சூரியன் விழும். ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. அதில் ஒரு கீற்றை மட்டும் மெல்லிய பிளவு வழியே விட்டு நிறமாலையாக்குவார்கள். கருங்கோடு ஒன்று நெளிந்திருக்கும். நெளிவு மாறுவதைத் தொடர்ந்து படமெடுத்தால் அலை தெரியும்.

இங்கேதான் திட்டம் வேண்டும். ஐந்து நிமிட அலையைப் பிடிக்க இரண்டரை நிமிடத்துக்கு ஒரு படம் என்பது கணக்குப்படி கடைசி எல்லை; நடைமுறையில் சில நொடிக்கு ஒன்று வேண்டும். எடுப்பதை மணிக்கணக்கில் நிறுத்தவும் கூடாது. பள்ளத்தாக்குக் காற்று சூடேறி மேலே வந்தால் படம் கலங்கிவிடும். அதனால் காலை நேரத்தை நம்பியே வேலை.

சூரியப் பரப்பின் வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு வெளியே இருக்கும் கரோனாவோ பத்து லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது. அந்த வெப்பத்தை அலைகள் கொண்டுபோகின்றனவா என்பது இன்றைய பெரிய கேள்வி. 1995 அக்டோபர் 24 முழுக் கிரகணத்தின்போது, ஒரு நிமிட அளவே கிடைத்த இருட்டில், வானியற்பியலாளர் ஜக்தேவ் சிங் குழுவினர் கரோனாவில் அலைவுகளைத் தேடினார்கள். 2023 செப்டம்பர் 2இல் கிளம்பிய ஆதித்யா-எல்1 விண்கலம், கிரகணத்துக்குக் காத்திராமல் கரோனாவைப் பார்க்கிறது. அதற்கான கருவியைச் செய்தது இந்திய வானியற்பியல் நிறுவனம். கொடைக்கானல் ஆய்வகம் அந்த நிறுவனத்தின் தாய்வீடு.

கரும்புள்ளியைக் கொண்டு மழையைக் கணிக்க முடியவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்காகத் தொடங்கிய பதிவை அவர்கள் கைவிடவில்லை. 1904 முதல் கால்சியத்தின் ஒளியில் எடுத்த சூரியப் படங்கள் ஒரு நூற்றாண்டைத் தாண்டி இருக்கின்றன. நல்ல ஆராய்ச்சித் திட்டம் என்று நான் சொல்வது இதைத்தான்: இன்றைய கேள்வி பொய்த்தாலும் நாளைய கேள்விக்கு உதவும்படி பதிவுசெய்வது. அந்தப் படங்கள் இன்று எண்மமாக்கப்பட்டு எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. தேனி மாவட்டத்துக் கல்லூரிப் பிள்ளைகள் அவற்றை எடுத்து ஆராய வேண்டும். பென்னிகுக் தந்த தண்ணீரைப் போல அதுவும் நமக்குப் பாத்தியப்பட்டது.