இருபது ரூபாய்க்கு முடிவிலி

ஒரு ஆட்டம் சொல்கிறேன். பைசா செலவில்லாமல் மனசுக்குள்ளேயே ஆடிப் பார்க்கலாம்.

நான் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறேன். முதல் தடவையே தலை விழுந்தால் உங்களுக்கு ஒரு ரூபாய், ஆட்டம் முடிந்தது. பூ விழுந்தால் மறுபடி சுண்டுவேன். இரண்டாவதில் தலை என்றால் இரண்டு ரூபாய். மூன்றாவதில் நாலு, நாலாவதில் எட்டு, ஐந்தாவதில் பதினாறு. தலை விழுகிற வரைக்கும் நிறுத்த மாட்டேன். ஒவ்வொரு பூவுக்கும் பரிசு இரட்டிப்பாகிக்கொண்டே போகும். இந்த ஆட்டத்தில் சேர எவ்வளவு டிக்கெட் கொடுப்பீர்கள்?

மூன்று ரூபாய்? சரி, ஐந்து? துணிச்சல்காரர்கள் பத்து வரை வருவார்கள். ஐம்பது கேட்டால், 'வேற ஆளைப் பாருங்க சார்' என்று எழுந்துவிடுவீர்கள். ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. வீடு, வாசல், பெண்டாட்டி நகை எல்லாவற்றையும் விற்றுக் கொடுத்தாலும் லாபம் உங்களுக்குத்தானாம். ஏனென்றால் இந்த ஆட்டத்தின் மதிப்பு முடிவிலி.

எங்கிருந்து வந்தது இந்த விபரீதக் கணக்கு? 1654-ல் பாரிஸிலிருந்த பாஸ்கலும் துலூஸிலிருந்த ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பணயப் பணத்தை எப்படிப் பங்கு போடுவது என்பது விவகாரம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நிகழ்தகவு என்று நம்மை வாட்டிய பாடம் பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பியதுதான். 1657-ல் ஹாலந்துக்காரர் ஹைகென்ஸ் அதை ஒரு சின்னப் புத்தகமாகவே போட்டுவிட்டார். விதி எளிது. கிடைக்கப்போகும் பணத்தை, அது கிடைக்கிற வாய்ப்பால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு. அதுதான் ஆட்டத்தின் நியாயமான விலை. நூறு ரூபாய் கிடைக்கப் பாதி வாய்ப்பு என்றால் விலை ஐம்பது.

இதை நம் ஆட்டத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு ரூபாய் கிடைக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று: அரை ரூபாய். இரண்டு ரூபாய் கிடைக்க நாலில் ஒன்று: அதுவும் அரை. நாலு ரூபாய்க்கு எட்டில் ஒன்று: மறுபடி அரை. வாய்ப்பு பாதியாகும் போதெல்லாம் பரிசு இரட்டிப்பாவதால் ஒவ்வொரு படியிலும் அரை ரூபாய் வந்துகொண்டே இருக்கும். அரை, அரை, அரை... படிகளுக்கு முடிவே இல்லை. கூட்டுத்தொகைக்கும் இல்லை.

இந்த வம்பை ஆரம்பித்தவர் ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்து நிக்கோலஸ் பெர்னூலி. வக்கீல் படிப்பும் படித்தவர். நிகழ்தகவைச் சட்டத்தில் பயன்படுத்துவது பற்றித்தான் 1709-ல் ஆய்வேடு எழுதினார். பெர்னூலி குடும்பத்தில் கணித மேதைகள் தடுக்கி விழுந்தால் அகப்படுவார்கள். ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைத்துத் தொலைத்ததில், யார் அண்ணன், யார் சித்தப்பா என்று கண்டுபிடிப்பது இந்தப் புதிரைவிடச் சிரமம். நிக்கோலஸ் 1713 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் மோன்மோர் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் புதிரைப் போட்டார். அவர் சொன்னது பகடை ஆட்டம். ஜெனிவாவின் காப்ரியேல் கிராமர் 1728-ல் லண்டனிலிருந்து பதில் எழுதும்போது அதை நாணயமாக மாற்றிச் சுலபமாக்கினார்.

கிராமர் சொன்ன பதில் அழகானது. கணக்கு வாத்தியார் பணத்தை எண்ணிக்கையால் மதிக்கிறார். விவரமான ஆசாமி அதன் உபயோகத்தால் மதிக்கிறான். ஒன்றரைக் கோடிக்கு மேல் வந்தால், கூட வருவது பத்துக் கோடியா நூறு கோடியா என்பதில் அவனுக்கு ஆனந்தம் ஒன்றும் ஏறப்போவதில்லை. இரண்டை 24 தடவை பெருக்கி வரும் தொகையில் (1,67,77,216) கிராமர் ஒரு கோடு கிழித்தார். அதற்கு மேல் எல்லாம் ஒன்றே என்று வைத்துக்கொண்டார். ஆட்டத்தின் விலை முடிவிலியிலிருந்து 13-க்கு இறங்கி வந்தது!

நிக்கோலஸின் சித்தப்பா மகன் டேனியல் பெர்னூலி இதற்குள் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். அவருடைய கட்டுரை அந்த அகாடமியின் வெளியீட்டில் 1738-ல் அச்சானது. அதனால் புதிருக்கே பீட்டர்ஸ்பர்க் என்று ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. கட்டுரை லத்தீனில் இருந்தது. ஆங்கிலத்தில் முழுசாக வர 1954 ஆயிற்று.

டேனியல் கோடெல்லாம் கிழிக்கவில்லை. ஒரு ரூபாய் தருகிற சந்தோஷம், கையில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார். ஆயிரம் வைத்திருப்பவனுக்கு இன்னொரு ஆயிரம் எப்படியோ, அப்படித்தான் லட்சம் வைத்திருப்பவனுக்கு இன்னொரு லட்சம். ஏழை ஒருவன் கையில் ஒரு லாட்டரிச் சீட்டு. விழுந்தால் 20,000 டுகாட் தங்கக் காசு, விழாவிட்டால் பூஜ்யம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. யாராவது 9,000 தருகிறேன் என்றால் விற்றுவிடலாமா? ஹைகென்ஸ் விதிப்படி விலை பத்தாயிரம், ஆயிரம் நஷ்டம். டேனியல், ஏழை விற்பதும் புத்திசாலித்தனம், அதே சீட்டைப் பணக்காரன் வாங்குவதும் புத்திசாலித்தனம் என்றார். ஒரே சீட்டுக்கு இரண்டு நியாய விலை! அதுவரை கணக்குக்கு ஆள் யார் என்று தெரியவேண்டிய அவசியமே இருந்ததில்லை. பாக்கெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு விடை சொன்ன கணிதம் இதுதான்.

நாணய ஆட்டத்துக்கும் அப்படியே. ஒன்றுமில்லாதவனுக்கு அதன் மதிப்பு 2 டுகாட். பத்து வைத்திருப்பவனுக்கு சுமார் 3. நூறு வைத்திருந்தால் 4 சொச்சம். ஆயிரம் என்றால் 6.

அதே கட்டுரையில் கேயஸ் என்று ஒரு கற்பனை வியாபாரி வருகிறான். ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கியிருக்கிறான். பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தால் 10,000 ரூபிளுக்கு விற்கும். அந்தப் பருவத்தில் நூறு கப்பலில் ஐந்து முழுகும். இன்ஷூரன்ஸ்காரன் கேட்பதோ 800. பழைய கணக்குப்படி ஆபத்தின் விலை 500-தான். முந்நூறு ரூபிள் தண்டம். டேனியல் தன் கணக்கைப் போட்டுச் சொன்னார்: சரக்கு தவிர வேறு சொத்து 5,043 ரூபிளுக்குக் கீழே இருந்தால் கேயஸ் பாலிசி எடுப்பதே நல்லது. இன்ஷூரன்ஸ்காரனிடம் குறைந்தது 14,243 இருந்தால் அவனுக்கும் அது நல்ல வியாபாரம். ஒருவர் மற்றவரை ஏமாற்றாமலே இரண்டு பேரும் ஜெயிக்கிறார்கள். ஸ்கூட்டருக்கு பிரீமியம் கட்டும்போது, 'வருஷா வருஷம் கட்டறோம், ஒரு தடவைகூட வாங்கினதில்லையே' என்று அலுத்துக்கொள்கிறோம் அல்லவா, அந்தப் புலம்பலுக்கு 1738-லேயே பதில் எழுதி வைத்தாயிற்று.

புதிர் போட்ட நிக்கோலஸ் மட்டும் சமாதானமாகவில்லை. நான் கேட்டது நியாய விலை. நீ சொல்வது ஒருவனின் சந்தோஷத்தை என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1934-ல் கார்ல் மெங்கர் பரிசுகளை இரட்டிப்பைவிடப் பயங்கர வேகத்தில் ஏற்றிக் காட்டினார். டேனியலின் கணக்கிலும் முடிவிலி கொல்லைப்புறமாக மறுபடி நுழைந்துவிட்டது.

இதற்கிடையே பிரான்ஸில் ஒருவர், எல்லோரும் பேப்பரிலேயே ஆடுகிறார்களே, நிஜமாகச் சுண்டிப் பார்த்தால் என்ன என்று யோசித்தார். அவர் பூஃபோன் பிரபு. அரசர் தோட்டத்தை நிர்வகித்த இயற்கை விஞ்ஞானி. 1730-ல் ஜெனிவா போனபோது கிராமரே அவரிடம் புதிரைச் சொல்லியிருந்தார். பூஃபோன் ஒரு சிறுவனைப் பிடித்து உட்காரவைத்து 2,048 ஆட்டம் ஆடவிட்டார். 1,061 ஆட்டங்கள் முதல் சுண்டலிலேயே முடிந்தன. 494 இரண்டாவதில், 232 மூன்றாவதில். ஆறே ஆறு ஆட்டங்கள்தான் ஒன்பதாவது வரை போய் ஆளுக்கு 256 காசு தந்தன. அதற்கு மேல் ஒன்றுகூடப் போகவில்லை. மொத்தப் பரிசு 10,057 காசு. ஆட்டத்துக்குச் சராசரி ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் நீங்கள் 'ஐந்து' என்று இழுத்தீர்களே, அது ஒன்றும் மோசமான பதில் இல்லை.

1777-ல் வெளிவந்த கட்டுரையில் பூஃபோன் ஒரு படி மேலே போனார். 56 வயது மனிதர் அடுத்த 24 மணி நேரத்தில் இறக்க வாய்ப்பு ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒன்று. அவர் அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாரா? இல்லை. எனவே பத்தாயிரத்தில் ஒன்றுக்குக் கீழே உள்ள எதையும் பூஜ்யம் என்று தள்ளலாம். பதினாலு பூ தொடர்ந்து விழ வாய்ப்பு 16,384-ல் ஒன்று. ஆகவே அதற்கு மேல் கணக்கே வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. அந்த 56 வயதுக்காரர்கள் ஒரு லட்சம் பேர் உள்ள தேசத்தில் நாளைக் காலைக்குள் பத்து வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். தனி மனிதனுக்குப் பூஜ்யமாகத் தெரிவது ஜனத்தொகைக்குப் பூஜ்யமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பரிசு கொடுப்பவரிடம் முடிவில்லாத பணம் இருக்கிறது என்று இத்தனை நேரம் சும்மா நம்பிக்கொண்டிருந்தோம். அவரிடம் மொத்தம் 107 கோடி ரூபாய் சொச்சம் (இரண்டை 30 தடவை பெருக்கின தொகை) இருக்கிறது, அதற்கு மேல் தரமாட்டார் என்று வையுங்கள். டிக்கெட்டின் நியாய விலை பதினாறு ரூபாய். அவ்வளவுதான். சொத்து இரண்டு மடங்கானால் விலை எட்டணா ஏறும்.

காலமும் அதே மாதிரிதான். ஸாக்ரெப் நகரில் பிறந்து அமெரிக்கா போன வில்லியம் ஃபெல்லர் 1945-ல் புதிரை வேறு பக்கமாகப் பிடித்தார். ஒரு ஆட்டத்துக்கு என்ன விலை என்று கேட்காதே. எத்தனை ஆட்டம் ஆடப்போகிறாய், அதைச் சொல் என்றார். இரண்டை எத்தனை தடவை பெருக்கினால் உங்கள் ஆட்டங்களின் எண்ணிக்கை வருமோ, அதில் பாதி, ஏறக்குறைய உங்கள் சராசரி வரவு. பூஃபோனின் 2,048 என்பது இரண்டின் 11 பெருக்கு, பாதி ஐந்தரை. பையன் வாங்கியதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சராசரி பதினொன்று ஆக வேண்டுமானால் 41,94,304 ஆட்டம். ஆட்டத்துக்குப் பத்து விநாடி வைத்தால், ராத்திரி பகல் பாராமல் 485 நாள். இருபது ரூபாய் வரவேண்டுமென்றால் இரண்டின் 40 பெருக்கு, அதாவது ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் கோடிக்கு மேல். டேனியல் தன் கட்டுரையில், விவரமுள்ள எவனும் தன் ஆட்டத்தை இருபது டுகாட்டுக்குச் சந்தோஷமாக விற்றுவிடுவான் என்று எழுதியிருந்தார். அந்த இருபதைச் சுண்டியே சம்பாதிக்க நினைப்பவர் சோறு தண்ணி இல்லாமல் மூன்றரை லட்சம் வருஷம் உட்காரவேண்டும்.