வீடியோ பதிவுக் கருவியின் முகப்புப் பலகை

தொழில்முறை வீடியோ பதிவுக் கருவியின் முன்பக்கத்தில் உள்ள பொத்தான்கள், குமிழ்கள், மீட்டர்கள், எச்சரிக்கை விளக்குகள் ஆகியவற்றின் தொகுதி. கருவி தன்னால் முடியாதென்று ஆபரேட்டரின் கையில் விட்டுவைத்த வேலைகளின் பட்டியல் என்றும் இதைச் சொல்லலாம்.

இந்தப் பலகையின் அருமை தெரிய, பிலிம் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். காரைக்குடி வட்டாரத்துக்குப் படப்பதிவு வீடியோவுக்கு முன்பே அறிமுகமானது. அங்குள்ள தேவகோட்டை ரஸ்தாவில் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் அமைத்த ஸ்டூடியோவில்தான் 'நாம் இருவர்' (1947) படம் உருவானது. பிலிம் லேபில் கழுவி வரும்வரை, எடுத்த காட்சி எப்படி அமைந்திருக்கிறது என்று அங்கே யாரும் பார்த்திருக்க முடியாது. அந்தக் காத்திருப்பைக் காந்த நாடா ஒழித்தது. பலகையில் இருப்பவற்றுள் பெரிய புரட்சி, யாரும் பெரிதாக மதிக்காத ரீவைண்ட் பொத்தான்தான்.

1956 ஏப்ரலில் ஆம்பெக்ஸ் நிறுவனம் சிகாகோவில் காட்டிய வீடியோ பதிவுக் கருவி அலமாரி அளவு இருந்தது. 2 அங்குல நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடும். நாடாவில் படத்தைப் பதியும் நான்கு ஹெட் பொருத்திய சக்கரம் நிமிடத்துக்கு 14,400 முறை சுழலும். எடிட் பொத்தான் கிடையாது. நாடாவில் இரும்புத்தூள் கரைசலைத் தடவி, தெரியும் தடத்தை உருப்பெருக்கியில் பார்த்து, பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். 1960களில் மின்னணு எடிட்டிங் வந்த பிறகே பிளேடு ஓய்ந்தது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1980களில் தூர்தர்ஷனில் பரவலாகப் புழங்கியது சோனி 1971இல் கொண்டுவந்த முக்கால் அங்குல யூமேட்டிக் கேசட். முகப்புப் பலகை தன் முழு வடிவத்தை அடைந்தது இந்தத் தலைமுறைக் கருவிகளில்தான். ரெக்கார்டை மட்டும் அழுத்தினால் பதிவாகாது. பிளேயையும் சேர்த்து அழுத்த வேண்டும். கை தவறிப் பட்டு ஒரு பேட்டியே அழிந்துபோகாமல் இருக்க இந்த ஏற்பாடு. அதுவும் போதாதென்று கேசட்டின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான். அதைக் கழற்றிவிட்டால் எந்தக் கருவியும் அதில் பதியாது. டிராக்கிங் குமிழைத் திருப்பி, மீட்டர் முள் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்தினால் ஹெட் சரியாகத் தடத்தின் மேல் ஓடுகிறது என்று பொருள். ஸ்கியூ குமிழ் நாடாவின் இழுவிசைக்கானது: வெப்பத்தில் நாடா சற்றே நீண்டாலும் படத்தின் மேல்விளிம்பு ஒரு பக்கமாக வளையும், அதை நிமிர்த்துவது இதன் வேலை. ஏ.சி. அறையிலிருந்து கருவியைச் சென்னைப் புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் ஹெட் சுழலும் டிரம்மில் ஈரம் படியும். நாடா அதில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், 'டியூ' விளக்கு எரிந்ததும் கருவி ஓட மறுத்துவிடும். நம் ஊர் வானிலைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கு வேறில்லை.

எடிட்டர்கள் விரும்பியது ஜாக்-ஷட்டில் டயலை. ஒரு நிலையில் படம் படமாக நகர்த்தலாம்; மறு நிலையில் வேகமாக ஓடவிட்டுத் தேடலாம். பக்கத்திலேயே அசெம்பிள், இன்சர்ட் பொத்தான்கள். அசெம்பிள், பழைய பதிவின் வாலில் புதியதை ஒட்டும். இன்சர்ட், நாடாவின் ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் கட்டுப்பாட்டுத் தடத்தைத் தொடாமல் நடுவில் நுழைக்கும். வெட்டும் இடத்துக்குச் சில விநாடி முன்பிருந்தே கருவி ஓடி வேகம் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பெயர் பிரிரோல். இரண்டு கருவிகளை எடிட் கன்ட்ரோலரில் இணைக்கும்போது ஸ்விட்சை லோக்கலிலிருந்து ரிமோட்டுக்குத் தள்ள வேண்டும். மறந்தால் எத்தனை முறை அழுத்தினாலும் எதுவும் நடக்காது.

பீட்டாகேம் எஸ்.பி. என்ற நாடா வகை (1986) வந்ததும், பட சிக்னலின் அளவையும் நிறத்தையும் திருத்தும் சிறு குமிழ்கள் அடிக்கடி கை படாத இடத்துக்கு ஒதுங்கின. அதே காலத்தில் தமிழகத்துக் கல்யாண வீடியோக்காரர்களிடம் வி.எச்.எஸ். கேசட் பரவியது; அவர்களிடம் எடிட்டிங்குக்கு 'மிக்சிங்' என்றே பெயர். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்த டெக் (கேசட் கருவி) நம் ஊரிலும் ஓடியது, அங்கும் இங்கும் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை என்பதால். பர்மாவில் என்.டி.எஸ்.சி. என்ற வேறு முறை; செட்டியார்கள் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போன அந்தத் தேசத்தின் கேசட்டைச் செட்டிநாட்டில் பார்க்க, இரண்டு முறைகளும் தெரிந்த டெக் தேவைப்பட்டது.

மெமரி கார்டிலும் எஸ்.எஸ்.டி.யிலும் பதியும் இன்றைய கருவிகளில் டிராக்கிங், ஸ்கியூ, டியூ எதுவும் இல்லை. ரெக்கார்டு பொத்தானையும் தனியாகவே அழுத்தலாம். ஒவ்வொரு பதிவும் புதுக் கோப்பாகச் சேர்வதால் பழையது அழிவதில்லை. தேடும் டயல் மட்டும் பல கருவிகளில் அப்படியே இருக்கிறது; விரலால் தேடும் வேகத்தை வேறெந்த ஏற்பாடும் எடிட்டருக்குத் தரவில்லை.