கடல் இல்லாத கடற்கரை விடுதி

ஒரு காலத்தை அறிய விரும்புவோர் கோட்டைகளையும் கோயில்களையும் கல்வெட்டுகளையும் தேடிச் செல்வது வழக்கம். பயணிகள் தங்கும் விடுதியின் அறையை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் மிகக் குறைவு. ஆயினும், பணம் கொடுத்து ஓரிரவு தங்கிய அறையில் என்னென்ன வசதிகள் இருந்தன, அவற்றை யார் செய்து கொடுத்தார்கள், எவருக்கு அவ்வறை மறுக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால், ஒரு சமூகமே நம் கண்முன் வந்து நிற்கும். அப்படியொரு விடுதியையும், அது எந்த ஊரின் நினைவாக எழுப்பப்பட்டதோ அந்த ஊரையும் இக்கட்டுரையில் காண்போம்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், வால்ட் டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவை ஒட்டி, 'டிஸ்னிஸ் போர்ட்வாக் இன்' என்னும் விடுதி 1996ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ராபர்ட் ஏ. எம். ஸ்டெர்ன் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். அருகிலுள்ள யாட் கிளப், பீச் கிளப் விடுதிகளும் 1990இல் அவர் கைவண்ணத்தில் எழுந்தவையே. 1920களிலும் 30களிலும் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோர ஊர்கள் எப்படி இருந்தனவோ, அந்தத் தோற்றத்தையும் மனநிலையையும் மீட்டுத் தருவது இவ்விடுதியின் நோக்கம்.

திறக்கப்பட்ட காலத்தில் அறைகளின் சன்னல் திரைகளில் பழைய கடற்கரை அஞ்சலட்டைப் படங்கள் அச்சிடப்பட்டிருந்தன. வெள்ளை வேலியும் சிறு பூந்தோட்டமும் கொண்ட ஈரடுக்குத் தனிக்குடில்களும் இருந்தன. நீச்சல் குளத்திற்குச் சூட்டிய பெயர் 'லூனா பார்க்'. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1903இல் திறக்கப்பட்ட கேளிக்கைப் பூங்காவின் பெயர் அது. வாசலில் ஏறத்தாழ கால் மைல் நீளத்திற்குப் பலகை பாவிய நடைபாதை. அதில் உலாவர, கூரை வேய்ந்த நான்கு சக்கர மிதிவண்டிகள் வாடகைக்குக் கிடைத்தன. எல்லாம் அழகு, எல்லாம் தூய்மை.

ஒன்றுதான் குறை. அங்கே கடல் இல்லை! எதிரே இருப்பது மனிதர் வெட்டிய ஏரி; அதிலும் இறங்கி நீந்த அனுமதி கிடையாது. உண்மையான கடலைக் காண வேண்டுமானால் ஒரு மணி நேரத்திற்கு மேல் காரில் செல்ல வேண்டும். கடலே இல்லாத இடத்தில் ஒரு கடற்கரையைக் கட்டி எழுப்பும் அளவிற்கு மக்கள் மனத்தைப் பிடித்து வைத்திருந்த அந்த மூல ஊர் எது? அங்கே அறைகள் எப்படி இருந்தன?

பலகை பாவிய ஊர்

இந்த வகை ஊர்களுள் தலையாயது நியூ ஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டி. மணல்மேடுகளும் சதுப்பும் கொசுவும் நிறைந்திருந்த ஒரு தீவை, கடற்காற்று நோய் தீர்க்கும் என்று நம்பிய ஜானதன் பிட்னி என்ற மருத்துவர் பெரும் உல்லாச நகரமாகக் கற்பனை செய்தார். 1854இல் ஃபிலடெல்ஃபியாவின் பக்கத்திலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தது; அதே ஆண்டில் நகரமும் பிறந்தது. ஆலைத் தொழிலாளியும் எழுத்தரும்கூட ஒரு நாள் பயணமாகக் கடலைப் பார்த்துத் திரும்ப வழி பிறந்தது.

வந்தவர்கள் கடலை மட்டும் பார்த்துத் திரும்பவில்லை. காலில் மணலையும் கொண்டு வந்தார்கள். இரயில் பெட்டிகளிலும் விடுதிக் கூடங்களின் கம்பளங்களிலும் மணல் சேர்ந்தது. அலெக்சாண்டர் போர்ட்மன் என்ற இரயில்வே நடத்துநரும் ஜேக்கப் கீம் என்ற விடுதிக்காரரும் இதற்கொரு வழி சொன்னார்கள்: மணலின்மேல் பலகை பாவுவது. 1870 ஜூன் 26 அன்று முதல் நடைபாதை திறக்கப்பட்டது. குளிர்காலம் வந்தால் கழற்றி எடுத்து வைக்கும்படி துண்டு துண்டாகச் செய்யப்பட்ட எளிய பாதை அது. துடைப்பத்திற்கு வேலை குறைக்க வந்த ஓர் ஏற்பாடு நாளடைவில் ஊரின் அடையாளமாகவே ஆயிற்று. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் விற்கத் தொடங்கிய 'மோனோபோலி' ஆட்டத்தில் தெருப்பெயர்கள் பெரும்பாலும் இவ்வூரினுடையவை. பலகையில் விலை மிகுந்த கட்டம் போர்ட்வாக். நம் வீடுகளில் கோடை விடுமுறைதோறும் பம்பாயையும் சென்னையையும் விலை பேசிய 'பிசினஸ்' ஆட்டத்தின் மூத்த உறவு அது என்பதை நினைவிற் கொள்வோமாக.

நான்கு குழாய்கள்

இனி அறைக்குள் நுழைவோம். பெரிய விடுதிகள் பலவற்றில் குளியல் தொட்டியின்மேல் நான்கு குழாய்கள் இருந்தன. நன்னீருக்கு இரண்டு, கடல்நீருக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் சூடும் குளிரும். கடல்நீர் உடலுக்கு மருந்து என்ற நம்பிக்கை வலுவாக இருந்த காலம் அது. அலையில் இறங்க அஞ்சுவோரும் முதியோரும் நோயுற்றோரும் கதவைச் சாத்திக்கொண்டு, மாடி அறையிலேயே கடல் நீராடினார்கள். கடலைக் குழாய் வழியே படுக்கையறைக்குக் கொண்டு வந்த இந்த வசதியே, நம் கருத்தில், அவ்வூர் விடுதிகளின் தனிச்சிறப்பு. கட்டணம் பெரும்பாலும் 'அமெரிக்க முறை'யில் இருந்தது. அதாவது அறையோடு வேளை உணவுகளும் சேர்த்தி. ஆகவே ஒருவர் வாரக்கணக்கில் தங்கிவிட்டால் விடுதியே அவருக்கு வீடாகிவிடும்.

மரக் கட்டடங்களுக்கு நெருப்பு பெரும் பகை. 1902இல் ஏற்பட்ட தீ, கடலோர விடுதிகள் பலவற்றை அழித்தது. சில ஆண்டுகளில் விடுதிக் கட்டடக் கலை புதிய திசையில் திரும்பியது. 1906இல் திறக்கப்பட்ட பிளெனிம் விடுதியை வில்லியம் பிரைஸ் என்ற கலைஞர் கம்பி பொதிந்த கான்கிரீட்டினால் எழுப்பினார். அந்நாளில் அவ்வகைக் கட்டடங்களுள் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. குவிமாடங்களும் புகைபோக்கிகளுமாக, கடலைப் பார்த்து நின்ற ஒரு கற்பனைக் கோட்டை எனலாம். அறைதோறும் தனிக் குளியலறை இருந்தது. பொதுக் குளியலறைக்கு வரிசையில் நிற்பதே வழக்கமாயிருந்த காலத்தில் இது பெரிய ஆடம்பரம். பக்கத்திலிருந்த மார்ல்பரோ விடுதியோடு இணைந்து அது 'மார்ல்பரோ-பிளெனிம்' எனப் பெயர் பெற்றது. 1915இல் அதே பிரைசின் நிறுவனம் வடிவமைத்த டிரேமோர் விடுதி இன்னும் பேருருக் கொண்டு எழுந்தது.

நாற்காலியைத் தள்ளியவர்

அறைக்கு வெளியே கிடைத்த வசதிகளுள் புகழ்பெற்றது தள்ளு நாற்காலி. 1880களில் நடக்க இயலாதோருக்கென வந்த இச்சக்கர நாற்காலி, விரைவில் நடக்க மனமில்லாதோரின் வாகனமாயிற்று. பிரம்பினால் பின்னிய இருக்கையில் சாய்ந்து, போர்வை போர்த்திக்கொண்டு, கடற்காற்று வாங்கியபடி உலா வருவது உயர்குடிச் சின்னம். பழைய அஞ்சலட்டைகளைப் பாருங்கள். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் வெள்ளையர். பின்னால் நின்று தள்ளுபவர் பெரும்பாலும் கறுப்பினத்தவர்.

நாற்காலி மட்டுமா? தென்மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்களே இவ்வூர் விடுதித் தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையினர். உணவு பரிமாறியவர், அறை துடைத்தவர், பெட்டி சுமந்தவர், சமைத்தவர், துணி வெளுத்தவர் அவர்களே. அந்த நான்கு குழாய்களையும் நாள்தோறும் துலக்கிய கைகள் அவர்களுடையவை. ஆனால் அக்குழாயைத் திறந்து நீராடும் விருந்தினராக அவர்கள் அங்கே தங்க முடியாது. அவர்கள் குடியிருப்பு இருப்புப்பாதைக்கு அப்பால் 'நார்த்சைட்' என்ற பகுதியில். கடற்கரையிலும் அவர்களுக்கென ஒரு துண்டு ஒதுக்கப்பட்டது. மிசௌரி அவென்யூ கடற்கரையான அதனை, கோழிக்கறி கட்டிக்கொண்டு வந்து உண்ணும் குடும்பங்களை ஏளனம் செய்து, 'கோழி எலும்புக் கடற்கரை' என்றார்கள்.

மறுக்கப்பட்டவர்கள் வாளாவிருக்கவில்லை. நார்த்சைடில் தங்களுக்கான விடுதிகளையும் உணவகங்களையும் இசையரங்குகளையும் அமைத்துக்கொண்டார்கள். கென்டக்கி அவென்யூவின் கிளப் ஹார்லெம் நாடறிந்த இசைக்கூடமாயிற்று. அழகுப் பொருள் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய சாரா ஸ்பென்சர் வாஷிங்டன் என்ற கறுப்பினப் பெண்மணி, வெள்ளையர் மைதானங்களில் தம் மக்களுக்கு இடமில்லை என்று கண்டு, தாமே ஒரு கோல்ஃப் மைதானம் அமைத்தார். ஏளனப் பெயர் பெற்ற கடற்கரையோ குடும்பங்கள் கூடிக் களித்த திருவிழாத் திடலாயிற்று.

1964

இந்த வரலாற்றின் திருப்புமுனை 1964. அவ்வாண்டு ஜூலை 2 அன்று குடியுரிமைச் சட்டம் கையெழுத்தானது. விடுதிகளும் உணவகங்களும் நிறத்தின் பேரால் எவரையும் திருப்பியனுப்புவது நாடெங்கும் சட்டவிரோதமாயிற்று. அடுத்த மாதமே ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு அட்லாண்டிக் சிட்டியில் கூடியது. மிசிசிப்பியிலிருந்து வந்த ஃபேனி லூ ஹேமர், வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றதற்காகத் தாம் பட்ட அடிகளை ஆகஸ்ட் 22 அன்று நாடறியச் சொன்னார். அவருடைய தோழர்கள் பலகை நடைபாதையில் இரவும் பகலும் அமர்ந்து அறப்போர் நடத்தினார்கள். இரவில் சிறு விடுதியொன்றில் நெருக்கியடித்துத் தங்கினார்கள்.

அதே மாநாட்டிற்கு வந்த பத்திரிகையாளரும் பிரதிநிதிகளும் பெரிய விடுதிகளின் அறைகளைக் கண்டு முகஞ்சுளித்தார்கள். விமானமும் காரும் மக்களைத் தொலைதூரக் கடற்கரைகளுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கிவிட்ட காலம்; வருவோர் குறைய, பழைய விடுதிகள் பராமரிப்பின்றிக் கிடந்தன. ஊரின் சீரழிவு செய்தித்தாள்கள் வழியே நாடெங்கும் பரவியது. கதவு எல்லோருக்கும் திறந்த ஆண்டிலேயே அறை பாழடைந்திருந்த செய்தியும் வெளிப்பட்டது என்பதை எண்ணுந்தோறும் நம் மனம் கனக்கிறது.

பின்னர் வந்தவை வெடிகளும் இடிப்பு இயந்திரங்களும். 1972இல் டிரேமோர் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1976இல் வாக்காளர்கள் சூதாட்டத்திற்கு அனுமதி தந்தார்கள். 1978 மே மாதம் பழைய ஹேடன் ஹால் விடுதிக் கட்டடத்தில் முதல் சூதாட்டக் கூடம் திறந்தது. மார்ல்பரோ-பிளெனிமும் அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக இடித்து அகற்றப்பட்டு, அவ்விடத்தில் புதிய சூதாட்ட விடுதி எழுந்தது.

நகலில் இல்லாதவை

பிளெனிம் மண்ணோடு மண்ணாகி ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளில், தெற்கே ஆயிரம் மைல் தொலைவில், அதன் காலத்திற்கு நினைவு விடுதி எழுந்தது. மூலத்தைக் காக்கப் பணமில்லாத நாட்டில் நகலைக் கட்டப் பணம் இருந்தது! இதில் ஒருவரையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. பிள்ளைகளோடு வந்து பலகைப் பாதையில் மாலையைக் கழித்துச் செல்லும் குடும்பங்களின் மகிழ்ச்சி பொய்யில்லை. நடைபாதையும் வெள்ளை வேலியும் அஞ்சலட்டைத் திரையும் அன்போடு செய்யப்பட்டவையே.

ஆனால் நகல் எதைத் தேர்ந்தெடுத்தது என்பதைக் கவனியுங்கள். கடல் இல்லாததால் உப்புநீர்க் குழாய்க்கு அங்கே வேலையில்லை. தள்ளு நாற்காலியின் இடத்தில் நான்கு சக்கர மிதிவண்டி வந்துவிட்டது. அதனை விருந்தினரே மிதித்துச் செல்கிறார். பின்னால் நின்று தள்ளியவர் காட்சியிலிருந்து மறைந்துவிட்டார். அவர் விடுதலை பெற்று மறைந்திருந்தால் மகிழலாம். அவர் நினைவும் சேர்ந்து மறைந்ததே குறை. ஏக்கம் என்பது பழைய வீட்டைத் துடைத்து வைக்கும். அந்த வீட்டைத் துடைத்தவரை மறந்துவிடும்.

நல்லவேளையாக, நினைவைக் காக்க வேறு இடங்களும் உண்டு. ஃப்ளோரிடாவில் அவ்விடுதி திறந்ததற்கு மறு ஆண்டு, 1997இல், அட்லாண்டிக் சிட்டி நகர மன்றம் 'கோழி எலும்புக் கடற்கரை'யை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஏளனப் பெயரையே பெருமைப் பெயராக்கிக்கொண்டு, அதன் நினைவாகக் கோடைகால ஜாஸ் இசை நிகழ்ச்சிகளும் நடத்தப்பட்டு வருகின்றன. அங்கே பழைய அறைகளும் இல்லை, குவிமாடங்களும் இல்லை. மணல் இருக்கிறது, எதிரே கடல் இருக்கிறது.