மோதலின் கணக்கும் மைசூரின் இரும்புக் குழலும்

உந்த அழிவின்மை விதியைக் கற்பிக்கும் அமெரிக்கப் பாடநூல்கள் பலவும் தம் நாட்டுக் கால்பந்தாட்டத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன. 100 கிலோகிராம் நிறையுள்ள ஆட்டக்காரர் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடிவந்து, அசையாது நிற்கும் அதே நிறையுள்ள எதிரணியினரைக் கட்டிப்பிடிக்கிறார். இருவரும் ஒன்றாக நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நகர்கின்றனர். உந்தம் குறையவில்லை, இயக்க ஆற்றலிலோ பாதி மறைந்து, உடலின் அதிர்வாகவும் வெப்பமாகவும் மாறிவிடுகிறது. அவ்வாட்டத்தைக் கண்டறியாத மைசூரு மாணவரும் இக்கணக்கைத்தான் மனப்பாடம் செய்கிறார். இதே கணக்கின் வரலாறு தம் ஊருக்கு 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் தொட்டுச் செல்கிறது என்பதை அவருக்கு எவரும் சொல்வதில்லை.

இவ்வரலாற்றை இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸிடமிருந்து தொடங்கலாம். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்க 1742இல் அவர் ஓர் எளிய கருவியை விளக்கினார். தொங்கவிடப்பட்ட கனமான மரக்கட்டையில் குண்டு பாய்ந்து புதைகிறது; கட்டை ஊசலாடுகிறது. 30 கிராம் குண்டு நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் 25 கிலோகிராம் கட்டையைத் தாக்கினால், கட்டை நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் பெற்று ஏறத்தாழ 1.8 சென்டிமீட்டர் உயரும். அவ்வுயரத்தைக் கொண்டு குண்டின் வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். கால்பந்தாட்டக்காரர் கட்டிப்பிடிப்பதும் குண்டு கட்டையில் புதைவதும் இயற்பியல் நோக்கில் ஒரே வகை மோதல்களே. காற்றின் தடை எவ்வளவு வலியது என்பதையும் ராபின்ஸின் சோதனைகள் புலப்படுத்தின. பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இந்தியா வந்த அவர், 1751 ஜூலையில் கடலூர் புனித டேவிட் கோட்டையில் இறந்தார்.

அடுத்த பத்தாண்டுக்குள், 1761இல், மைசூர் ஆட்சி ஹைதர் அலியின் கைக்கு வந்தது. அவர் காலத்திலும் அவர் மகன் திப்பு சுல்தான் காலத்திலும் மைசூர்ப் படை ராக்கெட்டுகளைப் பெருமளவில் கையாண்டது. ராக்கெட்டை ராபின்ஸ் ஊசலின் மறுதலை எனலாம். ஊசலில் இரு பொருள்கள் மோதி ஒன்றாகின்றன. ராக்கெட்டில் ஒன்றாயிருந்தவை பிரிகின்றன. வாயு பின்னோக்கிப் பெறும் உந்தமே குழல் முன்னோக்கிப் பெறும் உந்தம். ஆகவே வாயு வெளியேறும் வேகத்தைக் கூட்டுவதே கைவினைஞர் முன்னிருந்த சிக்கல். அக்கால ஐரோப்பிய ராக்கெட்டுகளின் தாள் உறை, உள்ளழுத்தம் மிகுந்தால் வெடித்துவிடும். மைசூர்க் கைவினைஞர் அடித்துத் தட்டிய இரும்பால் குழல் செய்தனர். அது மிகுந்த அழுத்தத்தைத் தாங்கியது; வாயு விரைந்து வெளியேறியது; ராக்கெட் நெடுந்தொலைவு பாய்ந்தது. தோல்வாரால் கட்டிய மூங்கில் கழி அதன் திசையை ஓரளவு நிலைப்படுத்தியது.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் பெய்லியின் கம்பெனிப் படை மைசூர்ப் படையிடம் தோற்றது. வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறும் காட்சியோடு அப்போர் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் ஓவியமாக நிற்கிறது. 1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தபின் மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்தின் வுல்விச்சை அடைந்தன. வில்லியம் காங்கிரீவ் வடிவமைத்த ராக்கெட்டுகள் 1807இல் கோபன்ஹேகன் மீது பொழிந்தன. எரியும்போதே நிறை குறைந்துகொண்டே வரும் பொருளின் இயக்கத்துக்கு மோதலின் எளிய சமன்பாடு மட்டும் போதாது. அச்சிக்கலைக் கணித முறையில் ஆராய்ந்து வுல்விச் ராணுவக் கல்விக்கழக ஆசிரியர் வில்லியம் மூர் 1813இல் நூல் வெளியிட்டார்.

இங்கே வரலாற்றெழுத்தில் இரு தவறுகள் நேர்கின்றன. சமன்பாடு எழுதியவர்களை மட்டும் அறிவின் வரலாற்றில் சேர்த்து, கொல்லரைப் போர் வரலாற்றின் அடிக்குறிப்பில் விடுவது ஒன்று. திப்புவின் பட்டறையிலேயே நவீன இயற்பியல் முழுவதும் இருந்தது எனப் பெருமை பேசுவது மற்றொன்று. 1985இல் ரொத்தம் நரசிம்மா மைசூர், பிரித்தானிய ராக்கெட்டுகளை ஒப்பிட்டு எழுதிய ஆய்வு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாதையைக் காட்டியது. செய்பொருளை அளந்து பார்த்து, அதைச் செய்தவர் எதை அறிந்திருந்தார் என்று கேட்பதே அப்பாதை.

அதற்கான சான்றுகள் நம்மிடமே உள்ளன. 2018இல் சிவமொக்கா மாவட்டம் நகராவில் தூர்ந்த கிணறொன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றைச் செய்த கைகளின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. ஆயினும் குழலின் தடிப்பும் உள்விட்டமும் அளக்கத்தக்கவை. இயற்பியல் மாணவரும் வரலாற்று மாணவரும் சேர்ந்து அந்த அளவுகளிலிருந்து தொடங்கினால், மோதலின் பாடத்துக்கு நாம் தொலைதூர மைதானங்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.