தஞ்சாவூர் மூப்பனார் விற்ற கேமரா

பூதலூர் ஸ்டேஷனுக்கு மேற்கே திருச்சி, கிழக்கே தஞ்சாவூர். திருச்சிக் கதை ஊரறிந்தது. அங்கே ரயில்வேயில் டிராயிங் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரை வாங்கி, வேலையை உதறிவிட்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். அவர் படம் காட்டியவர். படம் எடுக்கிற கருவியைக் கொடுத்தவரோ தஞ்சாவூர்க்காரர். அவரை யாரும் கண்டுகொள்வதில்லை.

சென்னையில் மோட்டார் கார் வியாபாரம் செய்த ஆர். நடராஜ முதலியார், பூனாவில் இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித்திடம் படமெடுக்கும் தொழில் கற்றுக்கொண்டார். பிறகு வில்லியம்சன் கம்பெனியின் 35 மி.மீ. கேமராவையும் பிரின்டரையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். விற்றவர் மூப்பனார் என்ற தஞ்சாவூர்ச் செல்வந்தர். காசும் புதுச்சாமான் மோகமும் சேர்ந்த மிராசு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அந்தக் கம்பெனியின் வில்லியம்சனே சுவாரசியமான ஆள். விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். 1901-ல் அவர் எடுத்த ஒரு படத்தில், தன்னைப் படம் பிடிக்க வந்ததால் கோபமான மனிதன் கேமராவையும் கேமராக்காரரையும் அப்படியே விழுங்கிவிடுவான்!

அந்தக் காலக் கேமராவுக்கு மின்சாரம் வேண்டாம், கைதான் மோட்டார். பிலிம் ஓடிக்கொண்டே இருந்தால் படம் கலங்கிவிடும். அதனால் உள்ளே ஒரு கொக்கி ஓரத் துளையில் மாட்டி பிலிமை ஒரு கட்டம் இழுக்கும், நிறுத்தும், மறுபடி இழுக்கும். இழுக்கிற நேரத்தில் மட்டும் ஷட்டர் லென்ஸை மூடிக்கொள்ளும். இந்த நின்று நின்று நகர்கிற வித்தையை சினிமா முன்னோடி லூயி லூமியேர் தையல் மெஷினைப் பார்த்துப் பிடித்தார். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 8 கட்டம், நொடிக்கு 2 சுற்று. கை தளர்ந்தால், திரையில் ஆட்கள் தலைதெறிக்க ஓடுவார்கள்.

முதலியாரின் ‘கீசக வதம்’ என்ற படம் சுமார் 6,000 அடி. ஒரு அடிக்கு 16 கட்டம் என்று வைத்தால், திரைக்கு வந்த நீளத்துக்கு மட்டுமே கைப்பிடியை 12,000 தடவை சுற்றியிருக்க வேண்டும். சுற்றியவரும் முதலியாரே. கீழ்ப்பாக்கத்தில் வெள்ளைத் துணிப் பந்தல் போட்டு, வெயிலை வடிகட்டிப் படம் பிடித்தார்கள். சென்னைச் சூட்டில் கழுவினால் பிலிமின் பூச்சு இளகிவிடும். அதனால் சுருள்கள் பெங்களூர் போய்த்தான் கழுவப்பட்டன. செலவு 35,000 ரூபாய், வசூல் 50,000. அந்த லாபத்தில் மூப்பனாரின் கேமராவைப் போல எட்டு வாங்கியிருக்கலாம்.

(தொடரும்)